மேடைப் பக்கம்: மதியம் மன்னன், இரவு சேவகன்

பிள்ளைகளிடம் கனடா போகிற காலம் தொடங்கிவிட்டது போலிருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அங்கே நடக்கும் நாடக விழாக்களைப் பற்றியவை. மற்றப் பாதி, வழமைபோல, என்னோடு சண்டை பிடிக்க எழுதப்பட்டவை. இரண்டையும் கலந்து போடுகிறேன்.

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கும் மகளிடம் ஆவணியில் போகிறேன். ஸ்ட்ராட்போர்ட் நாடக விழாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி, வரப்போகும் பருவத்தின் நிகழ்ச்சிப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒரு டசின் நாடகம். இன்றைக்கு மதியம் ஒன்று, இரவு இன்னொன்று, நாளைக்கு வேறு இரண்டு. ஒரே நடிகரின் பெயர் இரண்டு மூன்று நாடகத்தில் கிடக்கிறது. அச்சுப் பிழையா? இதில் எதைத்தான் பார்ப்பது? என் காதுக்கு ஆங்கிலம் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

அச்சுப் பிழை இல்லை, ரீச்சர். அதைப் பார்க்கத்தான் ஆட்கள் அங்கே போகிறார்கள்.

ஒரு நடிகர் குழுவை ஒரு பருவம் முழுவதற்கும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, அவர்களைக் கொண்டே பல நாடகங்களைத் தயாரித்து மாறி மாறிப் போடுவதைத்தான் ரெப்பட்டரி என்கிறார்கள். ஒன்று ஓடி ஓய்ந்த பிறகு அடுத்தது என்கிற கதை அங்கே கிடையாது. எல்லா நாடகமும் ஒரே காலத்தில் உயிரோடு இருக்கும். செவ்வாய்க்கிழமை மன்னனாக வந்து மேடையை அதிரவைத்தவர், புதன்கிழமை வேறொரு நாடகத்தில் தட்டு ஏந்தி வந்து ஒரு வரி பேசிவிட்டுப் போவார். யாருக்காவது காய்ச்சல் என்றால், அந்தப் பாத்திரத்தை ஏற்கெனவே பாடமாக்கி வைத்திருக்கும் இன்னொருவர் அதே குழுவிலிருந்து ஏறிவிடுவார். மதியக் காட்சி முடிந்து சனம் வெளியே போனதும் மேடைப் பணியாளர்கள் இறங்கி, அந்தக் காட்சியமைப்பைக் கழற்றி உள்ளே தள்ளிவிட்டு இரவு நாடகத்துக்கு உரியதைக் கொண்டுவந்து பூட்டுவார்கள். விளக்குகளின் நிறமும் அவை பார்க்கும் திசையும் மாறும். இப்படிக் கழற்றிப் பூட்ட வசதியாகத்தான் எல்லாவற்றையும் முதலிலேயே வரைந்து செய்கிறார்கள். ஏணியில் ஏறி விளக்குக் கட்டியே பாதி ஆயுளைப் போக்கியவன் நான். என்னை விட்டால் இரண்டு நாடகத்தையும் விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் அந்தச் சில மணித்தியாலத்துக்குத்தான் ரிக்கெட் எடுப்பேன்.

ஊரின் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள், பார்க்க ருசியாக இருக்கும். ஸ்ட்ராட்போர்ட் ஒன்டாரியோவில் ஒரு சின்ன ரயில்வே ஊர். ரயில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைதான் ஊருக்குச் சோறு போட்டது. அதற்குக் கெட்ட காலம் வரப்போகிறது என்றபோது, அந்த ஊரில் பிறந்த ரொம் பற்றர்சன் என்ற பத்திரிகையாளர் ஷேக்ஸ்பியர் விழா நடத்தலாம் என்று கிளம்பினார். இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரைப் போலவே இங்கும் ஊர்ப் பெயர் ஸ்ட்ராட்போர்ட், ஆற்றின் பெயர் ஏவன். கையில் இருந்த முதல் அவ்வளவுதான். இங்கிலாந்திலிருந்து ரைரோன் கத்ரியை நெறியாளராகக் கூப்பிட்டார்கள். 1953 ஜூலை 13ஆம் திகதி, ஒரு பெரிய கூடாரத்துக்குள், அலெக் கினஸ் மூன்றாம் ரிச்சர்டாக வந்து விழாவைத் தொடக்கிவைத்தார். அந்த முதல் பருவத்தில் இரண்டே இரண்டு நாடகம். கினஸும் ஐரீன் வேர்த்தும் இரண்டிலும் நடித்தார்கள். ஒன்றில் கொலைகார மன்னனாக வந்தவர், மற்றதில் நோயாளி மன்னன். ஆக, உங்களுக்கு அச்சுப் பிழை போலத் தெரிந்த விஷயம் முதல் நாளே தொடங்கிவிட்டது.

நிரந்தர அரங்கு 1957இல் வந்தது. ரான்யா மொய்செவிச் வடிவமைத்த மேடை சனத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். மூன்று பக்கமும் பார்வையாளர், முன்னால் திரை கிடையாது. வட்டக்களரியில் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அக்காவிடம் போயிருந்தபோது நானும் பார்த்தேன். தொடங்குவதற்கு முன்னால் வெளியே நின்று எக்காளம் ஊதுகிறார்கள், புல்வெளியில் கிடந்த சனம் எழுந்து உள்ளே வருகிறது. கொஞ்ச நேரத்தில் கதிரைகளுக்கு அடியில் இருக்கும் சுரங்க வழியால் நாலு பேர் ஈட்டியோடு ஓடிவந்து மேடைப் படியில் ஏறினார்கள். ஓரக் கதிரையில் இருந்த அக்கா திடுக்கிட்டுக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சரி, எதைப் பார்ப்பது? புகழ் பெற்ற பெயரைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். பட்டியலில் ஒரு நடிகரையோ நடிகையையோ பிடித்துக்கொண்டு, அவர் வரும் இரண்டு நாடகங்களை எடுங்கள். ஒன்று ஷேக்ஸ்பியர், மற்றது பாட்டும் ஆட்டமும் கலந்த மியூசிக்கலோ நகைச்சுவையோ என்றால் இன்னும் நல்லது. முதல் நாள் அழவைத்த முகம் அடுத்த நாள் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு வரும்போது நடிப்பு என்றால் என்னவென்று ஒரு நிமிஷத்தில் விளங்கும். அதை ஒற்றை நாடகம் தராது. ஆவணியில் போவதும் நல்லதுதான். நாடகங்கள் சித்திரை முதல் ஒவ்வொன்றாகத்தான் திறக்கும், ஓகஸ்ட் வரும்போது அநேகமாக எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். ஷேக்ஸ்பியர் வசனம் அங்கே பிறந்தவர்களுக்கே முதல் பத்து நிமிஷம் காதில் ஒட்டாது. கதையை முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போங்கள். நம் சனம் அடுத்து என்ன நடக்கும் என்று அறியவா விடிய விடியக் கூத்துப் பார்த்தது? அருச்சுனன் தபசுக்குப் போவான் என்று எல்லோருக்கும் தெரியும். எப்படிப் போகிறான் என்று பார்க்கத்தான் பாயோடு வந்தார்கள்.

கேள்வி: லயனல் வென்ட்டுக்கு நாடகம் பார்க்கப் போவதென்றால் கோட் போட வேண்டுமா?
— புதிதாகக் கொழும்புக்கு வந்தவர், கிருலப்பனை

வேண்டாம். குளிரூட்டிக்கு ஒரு சால்வை கொண்டுபோங்கள்.

கேள்வி: நான் இசை நாடகம் பார்த்து வளர்ந்தவன். மியூசிக்கல், மியூசிக்கல் என்று எங்கள் பேரப்பிள்ளைகள் துள்ளுகிறார்கள். எங்கள் மயான காண்டத்தில் இல்லாத என்னத்தை அதில் கண்டார்கள்?
— கொட்டாஞ்சேனை

ஐயா, கேள்வியிலேயே கோபம் தெரிகிறது. பாதி நியாயமான கோபம்தான்.

நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டம் ஆயிரக்கணக்கான மேடை கண்டது. அவரும் வசந்த கான சபாவும் ஊர் ஊராகப் போனபோது ஒரு நாடகத்தை மட்டும் கட்டிக்கொண்டு போகவில்லை. கேட்ட நாடகத்தைக் கேட்ட இடத்தில் போடக்கூடிய மாதிரி எல்லாம் கைவசம் இருந்தது. ஸ்ட்ராட்போர்ட்காரர் சம்பளம் கொடுத்து, அட்டவணை போட்டுச் செய்வதை அவர்கள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலேயே செய்தார்கள். அதற்கு முன்னால் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்து நடத்திய சபையும் இந்த வகைதான். பையன்களுக்குச் சோறும் பாடமும் பாட்டும் அங்கேயே. இன்றைக்கு ஒரு வேஷம், நாளைக்கு இன்னொன்று.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் மேடையில் பாட்டு நடிகனின் சொத்து. ஆர்மோனியக்காரர் ஓரமாக இருந்து அவனுடைய முகத்தைத்தான் பார்ப்பார். சந்திரமதி புலம்பலில் சனம் உருகினால் புலம்பல் நீளும். "வன்ஸ்மோர்" என்று பின்னால் ஒரு குரல் வந்தால், செத்த லோகிதாசன் கொஞ்ச நேரம் கூடுதலாகச் செத்துக் கிடப்பான். மியூசிக்கலில் இது நடக்காது. வாத்தியக்காரர் பெரும்பாலும் மேடைக்குக் கீழே பள்ளத்தில் இருப்பார்கள், நடத்துநரின் கோல்தான் எல்லோருக்கும் எசமான். எத்தனையாவது தாளத்தில் கால் தூக்க வேண்டும், எந்தச் சொல்லில் விளக்கு மாற வேண்டும் என்பதெல்லாம் எழுதி வைத்தது. மயிர்க்கரையில் பயறளவு மைக் ஒன்றை ஒட்டிக்கொண்டு, பாடி, ஆடி, மூச்சு வாங்காமல் அடுத்த வசனத்தைப் பேச வேண்டும். நான் பார்த்ததில் எனக்கு மரியாதை வந்த இடம் அதுதான். உருக்கம் என்று பார்த்தால், என் மனசு இன்னும் மயானத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த விழாக்களுக்குக் காசு கொண்டுவருவது பெரும்பாலும் மியூசிக்கல்தான். அதற்குத்தான் பஸ் பிடித்துக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அந்த வரும்படியில் ஒதுங்கிக்கொண்டுதான் யாரும் அதிகம் கேள்விப்படாத ஒரு புது நாடகம் சின்ன அரங்கில் மூச்சு விடுகிறது. பேரப்பிள்ளைகள் துள்ளட்டும், விடுங்கள். இங்கேயும் வேர்க்‌ஷொப் பிளேயர்ஸ் குழு லயனல் வென்ட்டில் ஆங்கில மியூசிக்கல் போடும்போது அவர்களோடு ஒருநாள் நீங்களும் போய் இருந்து பாருங்கள். அப்புறம் அவர்களை மயான காண்டத்துக்குக் கூப்பிட உங்களுக்கு உரிமை வரும்.

கேள்வி: மகன் நயாகரா நீர்வீழ்ச்சி காட்டப் போகிறானாம். பக்கத்திலேயே ஷா நாடக விழா என்று ஒன்று இருக்கிறதாமே. பெர்னார்ட் ஷாவின் நாடகம் மட்டும்தானா? எங்களுக்கு அவ்வளவு கனமான விஷயம் சரிவருமா?
— வத்தளை

நயாகரா-ஒன்-த-லேக் என்ற ஊரில் 1962இல் தொடங்கியது. நீர்வீழ்ச்சியிலிருந்து காரில் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ஷாவோடு தொடங்கி, அவர் வாழ்ந்த காலத்தில், அதாவது 1856 முதல் 1950 வரை எழுதப்பட்ட நாடகங்களுக்கென்று விரிந்து, இப்போது அதையும் தாண்டிவிட்டார்கள். துப்பறியும் நாடகம், மியூசிக்கல் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும்.

கனம் என்று பயப்படுகிறீர்கள். 2023இல் அங்கே முதன்முதலாக மேடையேறிய பெரிய தயாரிப்பு என்ன தெரியுமா? மகாபாரதம். ரொறன்ரோவின் வை நொட் தியேட்டர், ரவி ஜெயினும் மிரியம் பெர்னாண்டஸும் சேர்ந்து செய்தது. இரண்டு பாகம். நடுவில் வந்தவர்களை இருத்திச் சாப்பாடு போட்டுக் கதை சொல்லும் ஒரு பகுதியும் இருந்தது. பிறகு அது லண்டனுக்கும் போனது. திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் கேட்ட சனம் நாம், எங்களுக்கென்ன கனம்?

மகனிடம் சொல்லுங்கள்: நீர்வீழ்ச்சியைக் காலையில் பார்த்து முடித்துவிடலாம், தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருக்கும். மதியக் காட்சி உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்காது.

கேள்வி: ஐயா, வெளிநாட்டுப் பருவம், விழா என்று எழுதுகிறீர்கள். கொழும்பில் தமிழில் நாங்கள் ஏன் இப்படி ஒரு நாடகப் பருவம் நடத்த முடியாது? ஆள் இல்லையா, காசு இல்லையா, மனசு இல்லையா?
— நாடகம் பழகும் இளைஞர், தெகிவளை

தம்பி, ஆள் இருக்கிறது. மனசும் இருக்கிறது. காசு ஒருநாளும் இருந்ததில்லை, இருந்தும் நாடகம் நடந்தது. இல்லாதது பழக்கம்.

ஸ்ட்ராட்போர்ட் கூடாரம் எழும்பிய அதே 1953இல்தான் இங்கே லயனல் வென்ட் அரங்கும் திறந்தது. அவர்களிடம் இருந்தது துணிக் கூடாரம், எங்கள் நகரத்துக்குக் கல்லால் கட்டிய அரங்கு. அவர்கள் அன்றிலிருந்து ஒரு குழுவையும் அதன் நாடகங்களையும் வளர்த்தார்கள். தமிழ் நாடகக்காரரான நாங்கள் மண்டபத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கப் பழகினோம்.

ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதைதான். மூன்று நாலு மாதம் ஒத்திகை. வங்கியில் வேலை செய்கிறவர், ரியூஷன் கொடுக்கிறவர், வானொலி அறிவிப்பாளர் என்று எல்லோரும் ஆறு மணிக்குப் பிறகு வந்து சேருவார்கள், கடைசி பஸ்ஸைப் பார்த்துப் பார்த்து வசனம் பேசுவார்கள். அப்புறம் ஒரு ஞாயிறு மாலை. பூமாலை, பொன்னாடை, பிரதம விருந்தினர் உரை. நாடகம் முடிந்ததும் முகத்தில் பூச்சோடு ஆளுக்கொரு பற்றிஸ். திங்கட்கிழமை அந்த நாடகம் இல்லை. அரச நாடக விழாவுக்குத் தெரிவானால் இன்னொரு முறை. அதோடு சரி.

என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. நான் பின்னணியில் நின்று அடியெடுத்துக் கொடுத்த ஒரு நாடகத்தின் பிரதி. வசனம் நீல மையில், ஓரக் குறிப்புகள் பென்சிலில். 'இங்கே மூச்சு.' 'நீல விளக்கு, மெதுவாக.' 'இவர் மறப்பார், முதல் சொல்லைக் கொடு.' 'கைதட்டல் வந்தால் நில், வராவிட்டால் போ.' இந்தக் கடைசி வரியைப் பார். கைதட்டல் வருமா வராதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் தெரியும், அடுத்த காட்சியில் அதைத் திருத்தலாம். எங்களுக்கு அடுத்த காட்சியே இருக்கவில்லை. நடிகன் தன் பாத்திரத்தைக் கண்டுபிடிப்பது ஐந்தாவது, ஆறாவது மேடையில். நாங்கள் முதலாவதோடு நடையைக் கட்டிவிடுகிறோம்.

முடியாது என்று மட்டும் சொல்லாதே, செய்தவர்கள் இருக்கிறார்கள். க. பாலேந்திராவும் நண்பர்களும் 1978இல் தொடங்கிய தமிழ் அவைக்காற்று கலைக் கழகத்தை எடுத்துக்கொள். டென்னசி வில்லியம்ஸின் நாடகம் 'கண்ணாடி வார்ப்புகள்' ஆகவும், பிரெக்டின் நாடகம் 'யுகதர்மம்' ஆகவும், லோர்காவின் நாடகம் 'ஒரு பாலை வீடு' ஆகவும் தமிழ் பேசின. ஒருநாளோடு மூட்டை கட்டாமல் பல இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பிறகு லண்டனுக்குப் போயும் விடவில்லை. இன்னொரு பக்கம் பராக்கிரம நிரியெல்லவும் எச். ஏ. பெரேராவும் தொடங்கிய மக்கள் களரி இருக்கிறது. கழற்றிப் பூட்டும் அரங்கக் கூடாரம் ஒன்று, சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் கலந்த ஒரு குழு, கையில் பல நாடகங்கள். ஊருக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கி மாறி மாறிப் போடுவார்கள். சிங்கள நடிகர் தமிழில் பேசுவார், தமிழ் நடிகர் சிங்களத்தில் பேசுவார். உலக ரெப்பட்டரிகளில் பாதிக்கு இந்தத் தைரியம் கிடையாது.

நீ கேட்டபடியால் என் கணக்கைச் சொல்கிறேன். பன்னிரண்டு நாடகம் வேண்டாம், இரண்டு போதும். எட்டு நடிகர். ஒன்று பாட்டுள்ள நாடகம், மற்றது பேச்சு நாடகம். ஒன்றில் தலைமைப் பாத்திரம் செய்கிறவர் மற்றதில் கதவு திறந்துவிட வேண்டும், இதற்குச் சம்மதிக்காதவரை முதல் நாளே அனுப்பிவிடு. இரண்டுக்கும் ஒரே கறுப்புத் திரை, ஒரே நாலு பெட்டி, ஒரே மேசை. அடுத்தடுத்த மூன்று வார இறுதி, சனி ஒன்று, ஞாயிறு மற்றது, அடுத்த வாரம் மாற்றிப் போடு. பெரிய மண்டபம் வேண்டாம். வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபம் அளவில் ஒன்று போதும். சனி ஞாயிறுகளைப் பரதநாட்டிய அரங்கேற்றங்கள் ஒரு வருஷம் முன்பே பிடித்துவிடும் என்பதால் இப்போதே போய்க் கேள். வாடகைப் பேச்சில் ஒத்திகை நாளையும் விளக்குக் கட்டும் நாளையும் சேர்த்து எழுத்தில் வாங்கு. ஒரு மண்டபத்தில் காலைக் கலியாணத்தின் மணவறையைக் கழற்ற ஆள் வராமல், அதன் முன்னாலேயே நாங்கள் சிறைச்சாலைக் காட்சி போட்டிருக்கிறோம்.

முதல் வாரம் உறவினர் வருவார்கள். இரண்டாவது வாரம் யாரும் வரமாட்டார்கள். மூன்றாவது வாரம் யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் உனக்கும் எனக்கும் அடுத்த கடிதம்.

கேள்வி: எங்கள் நாடகங்களை விட்டுவிட்டுச் சிங்கள நாடகங்களைப் புகழ்வதே உங்கள் வேலை. மனமே, சிங்கபாகு என்று எத்தனை தரம் சொல்வீர்கள்?
— பெயர் வேண்டாம் என்றவர், கொழும்பு 13

இன்னும் ஒரு தரம் சொல்கிறேன். சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் மனமே 1956 நவம்பர் 3ஆம் திகதி வென்ட்டில் மேடையேறியது, சிங்கபாகு 1961இல். அவர் 1996இல் மறைந்தார். நாடகங்கள் மறையவில்லை. முதலில் நடித்தவர்கள் கிழவராகி ஒதுங்க, புதிய மனமே, புதிய சிங்கம், புதிய வேடுவன் என்று ஆள் மாறி ஆள் வந்து இன்றைக்கும் ஓடுகிறது. நான் புகழ்வது மொழியை அல்ல, ஒரு நாடகத்தைச் சாகவிடாமல் வைத்திருக்கும் விடாப்பிடியை.

அதோடு அது அந்நியச் சரக்கும் இல்லை. சரச்சந்திர, சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற ஆசானிடமிருந்து எடுத்தது நாடகம என்ற வடிவம். அதன் வேர் கரையோரக் கத்தோலிக்கரின் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. மத்தளத்தைக் கேட்டால் உங்களுக்கே தெரியும். அதைப் பேராதனையில் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேசாமல் இருக்கவில்லை. மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, அண்ணாவிமாரைக் கூட்டிவந்து, 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன் என்று மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு, பல பத்தாண்டுக்குப் பிறகு தானே பேராசிரியராகித் தன் மாணவர்களை வைத்து அதே இராவணேசனைத் திரும்பவும் போட்டார். பாருங்கள், எங்கள் நாடகத்தையும் புகழ்ந்துவிட்டேன். பெயரை அடுத்த முறையாவது எழுதுங்கள்.

கேள்வி: மகள் பள்ளிக்கூட ஷேக்ஸ்பியர் போட்டி நாடகத்தில் இருக்கிறாள். அடுத்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை. நிறுத்தவா?
— தாய், பம்பலப்பிட்டி

என்ன பாத்திரம் என்று நீங்கள் எழுதவேயில்லை. முதலில் அதைக் கேளுங்கள், பரீட்சையைப் பற்றிப் பிறகு பேசலாம். பொதுவாக, நூறு வரி பாடமாக்கிய பிள்ளைக்கு வரலாற்றுப் பாடம் பெரிய மலையாக இருப்பதில்லை.

கேள்வி: வெளிநாட்டு அரங்குகளின் பருவப் பட்டியலில் எங்கள் கதை எப்போதாவது வந்திருக்கிறதா? எங்கள் கதை என்றால் ஈழத்தமிழர் கதை.
— பல்கலைக்கழக மாணவி, வெள்ளவத்தை

வந்திருக்கிறது, அதுவும் பெரிதாக. எஸ். சக்திதரனின் 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்'. சிட்னியின் பெல்வொயர் அரங்கு 2019 பருவத்தில் அதைப் போட்டது. தங்கள் சொந்த அரங்கு காணாதென்று சிட்னி நகர மண்டபத்துக்குள் மேடை கட்டினார்கள். கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பம், 1956இலிருந்து 1983 வரை, பிறகு சிட்னி. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். எடின்பரோவுக்குப் போய், 2024இல் நியூயோர்க்குக்கும் போனது.

அதில் எனக்குப் பிடித்தது தமிழையும் சிங்களத்தையும் கையாண்ட விதம். பாத்திரம் தமிழில் பேசும்போது, பக்கத்தில் நிற்கும் இன்னொரு நடிகர் அதை ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். மேலே எழுத்து ஓடாது, சனம் கழுத்தை நிமிர்த்தி வாசிக்கவும் வேண்டியதில்லை. கூத்தில் கட்டியகாரன் செய்கிற வேலை மாதிரித்தான். நீங்கள் மாணவி என்பதால் சொல்கிறேன்: இந்த உத்திக்கு ஒரு சதமும் செலவில்லை. மூன்று மொழியும் கேட்கும் இந்த நகரத்தில் யாராவது நாளைக்கே எடுத்துச் செய்யலாம்.

கேள்வி: நாடகம் நடக்கும்போது போனில் பேசுகிறவரை என்ன செய்வது?
— மட்டக்குளி

அவர் பேசுகிற விஷயம் மேடையில் நடப்பதைவிடச் சுவாரசியமாக இருந்தால் கேட்டுக்கொண்டிருங்கள். சில மாலைகளில் எனக்கு அப்படி வாய்த்திருக்கிறது.

கேள்வி: உங்கள் போன மாதப் பக்கத்தை நம்பி, கனடாவில் நாடகம் பார்ப்போம் என்று கணவரிடம் சொன்னேன். ரிக்கெட் விலையை ரூபாவுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, மனுஷன் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். வழி சொல்லுங்கள்.
— இரத்மலானை

முதலில் அவருடைய போனிலிருந்து அந்த நாணயமாற்று ஆப்பை அழித்துவிடுங்கள்.

அங்கே ஒரே நாடகத்துக்குக் கதிரைக்குக் கதிரை, நாளுக்கு நாள் விலை வேறு. வார இறுதி இரவை விட்டுவிட்டு, கிழமை நாளில் மதியக் காட்சியைப் பாருங்கள். ஸ்ட்ராட்போர்ட்டின் பெரிய அரங்கில் கடைசி வரிசைக்குப் பயப்பட வேண்டாம். ஆயிரத்தெண்ணூறு பேர் வரை கொள்ளும், ஆனால் எந்தக் கதிரையும் மேடையிலிருந்து 65 அடிக்கு மேல் தள்ளி இல்லை. விலை குறைந்த கதிரையிலும் முகம் தெரியும். ரொறன்ரோ நகர மையத்திலிருந்து விழாக்காரரே பஸ் விடுகிறார்கள். கிட்டத்தட்ட 150 கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம். மருமகனின் லீவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

சாப்பாட்டுக்குக் கடை தேடி அலையாதீர்கள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு போங்கள். ஏவன் ஆற்றங்கரைப் புல்லில் இருந்து கட்டுச்சாப்பாடு சாப்பிடுவது அங்கே எல்லோரும் செய்வதுதான். அன்னங்கள் வந்து கழுத்தை நீட்டும், கொடுக்காதீர்கள். முதலில் கணவருக்குக் கொடுங்கள், அவர்தானே பட்டினி.